நெம்மேலி வழியே வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு

நெம்மேலி,
ஆவணி மாதம்.

வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் திருநாளை முன்னிட்டு, சென்னையிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் காவி உடுத்து, கையில் செபமாலையும் தோளில் துணிப்பையுமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நடந்து செல்கின்ற சகோதர சகோதரிகளுக்கு, அந்தச் சாலையோரத்தில் குடியிருக்கும் ஒரு முதிய கத்தோலிக்கன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் வாரம் பிறந்துவிட்டால், எங்கள் ஊரில் பொழுது விடிவதற்கு முன்னரே உங்கள் குரல் வந்துவிடுகிறது. சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருக்கும் அந்த நாலு மணி இருட்டில், முன்னே செல்லும் ஒருவர் ‘மரியே’ என்று எடுத்துக் கொடுக்க, பின்னே வருபவர்கள் ‘வாழ்க’ என்று முடிக்க, மூன்று சக்கர வண்டியின் மேல் வண்ண விளக்குகளுக்கு நடுவே புடவை சாத்திய மாதா சுரூபம் மெல்ல ஆடி அசைந்து வர, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி நீங்கள் வரிசையாகத் தெற்கே போவதைத் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டிபுலமும் சாளுவன்குப்பமும் கடந்து மாமல்லபுரம். அப்பால் பாலாற்றுப் பாலம். மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம். கொள்ளிடத்தைத் தாண்டிச் சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று, முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றேறக் குறைய இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது உங்களுக்கு. அந்த வழியை நானும் என் காலால் அளந்தவன் என்கிற ஒரே உரிமையில்தான் இந்த மடலை எழுதத் துணிகிறேன்.

நான் முதன்முதலாக நடந்தது என் மனைவிக்காக. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுபட்டுவிட்டன என்று மருத்துவர்கள் அறிவித்து, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்காக அவளைப் பேருந்தில் அழைத்துப்போய் அழைத்துவந்துகொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லி, அவளை அவளுடைய தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு, பன்னிரண்டு நாள் நடந்து, கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரங்களைக் கண்டபோது, கேட்டது கிடைத்துவிட்டது என்றே நான் நிச்சயமாக நம்பினேன். அந்த நம்பிக்கை பொய்யானதன்று. இன்றும் அதை நினைத்து நான் வெட்கப்படவில்லை. திரும்பி வருகையில், எல்லோரையும் போலவே, மந்திரித்த எண்ணெய் ஒரு சீசா வாங்கி வந்தேன். ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறுபோல் புடைத்திருந்த அவளுடைய இடக்கையில் தடவுவதற்காக அதைத் திறந்தேன். அவள் என் கையைத் தடுத்தாள். வாசற்படியில் நீட்டியிருந்த என் பாதங்களைச் சிறிது நேரம் பார்த்தாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து, தோல் வழன்று, தார் ஒட்டிக் கறுத்திருந்தன அவை. “எனக்கு அப்புறம் ஆவட்டும், மொதல்ல உங்க காலுக்குத் தடவுங்க” என்று சொல்லிச் சீசாவை வாங்கித் தானே தடவினாள்.

அந்த ஆண்டு மார்கழியில், கிறிஸ்து பிறப்புக்கு ஒன்பது நாள் இருக்கையில் அவள் இறந்துபோனாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில், ஜெபக் கூட்டங்கள் நடத்துகிற ஒருவரும் இருந்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு பேசினார் என்று நான் சொல்லமாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் கனிவாகவே, பூரண விசுவாசத்தோடு கேட்டிருந்தால் மாதா கைவிட்டிருக்கமாட்டாள் என்றார். எங்கோ ஒரு மூலையில் சந்தேகம் இருந்திருக்க வேண்டும், அதைக் கண்டுபிடித்துப் பச்சாத்தாபப்படுங்கள் என்றும் சொன்னார். மனைவியைப் புதைத்த மண் காயுமுன், அவள் சாவதற்கு என் மனத்தின் குறையே காரணம் என்கிற பாரத்தையும் சுமந்துகொண்டு, பல மாதங்கள் இரவில் தூங்காமல், நடந்த முந்நூறு கிலோமீட்டரில் எந்த இடத்தில் நான் சந்தேகப்பட்டேன் என்று ஒவ்வோர் ஊராக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூருக்கு அப்பால் ஓர் உச்சிவேளையில், கால் எரிச்சல் தாங்காமல் மைல்கல்லின் மீது உட்கார்ந்து, திரும்பிப் போய்விடலாமா என்று எண்ணியது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு நிமிஷந்தான் அவளைக் கொன்றது என்று நம்பியவனாக நான் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தேன்.

இதை உங்கள் அனுதாபத்தைத் தேடி எழுதவில்லை. உங்கள் கூட்டத்தில் ஆண்டுதோறும் என்னைப் போன்றவர்கள் பலர் நடக்கிறார்கள். சென்ற ஆண்டு நோயாளிக்காக நடந்தவர், இந்த ஆண்டு அந்த நோயாளி இல்லாமல் நடக்கிறார். வழிநெடுகச் சாட்சியம் சொல்கிறவர்களின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. நோயாளியை இழந்தவர்களோ பேசாமல் பின்வரிசையில் வருகிறார்கள். அவர்களிடம் ஒருபோதும் விசுவாசக் குறைவு என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடல் முழுவதும்.

வேளாங்கண்ணியின் வரலாறாக நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் மூன்று நிகழ்ச்சிகளையும் நீங்கள் அறிவீர்கள். அவை ஏட்டில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வாய்மொழியாக வந்த மரபு. ஆனாலும் அந்த மரபை நிதானமாக ஒருமுறை உற்றுப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்த தன் எஜமானுக்குப் பால் கொண்டுபோன ஒரு சிறுவன், வெயிலுக்குக் குளத்தங்கரை ஆலமரத்தடியில் களைப்பாறியபோது, கையில் குழந்தையோடு ஒரு தாய் தோன்றித் தன் குழந்தைக்குப் பால் கேட்டாள், அவன் கொடுத்தான், எஜமானிடம் போய், தாமதத்துக்கும் குறைந்த பாலுக்கும் மன்னிப்புக் கேட்டுப் பானையைத் திறந்தபோது அது நிரம்பி வழிந்தது. பிற்பாடு, நடுத்திட்டில் மோர் விற்றுக்கொண்டிருந்த ஓர் ஏழை விதவையின் மகன், பிறவியிலேயே கால் முடமானவன், அவனிடமும் அதே தாய் தன் குழந்தைக்கு மோர் கேட்டாள், அவன் கொடுத்தான், நாகப்பட்டினத்துக்குப் போய் ஒரு கத்தோலிக்கச் சீமானிடம் தனக்கு ஒரு கோயில் கட்டும்படி சொல்ல வேண்டும் என்றாள், தன்னால் நடக்க முடியாதே என்று தயங்கியவனை எழுந்திரு என்றாள், அவன் எழுந்து ஓடினான்.

இவ்விரு சிறுவர்களும் எதையும் கேட்கவில்லை என்பதை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்? பால்காரச் சிறுவன் நிறைந்த பானையைக் கேட்கவில்லை. மோர்க்காரச் சிறுவன் காலைக் கேட்கவில்லை. கேட்டவள் அன்னை. கையேந்தி நின்றவள் அவள். தாகமாயிருந்த பிள்ளை அவளுடைய பிள்ளை. விற்பதற்கு வைத்திருந்ததில் ஒரு கிண்ணத்தை, விலை பேசாமல் எடுத்துக் கொடுத்தது மட்டுமே இவர்கள் செய்தது. நம்முடைய விசுவாசத்தின் அளவைப் பொறுத்தே அற்புதம் நிகழும் என்று சொல்பவர்கள், அந்தச் சிறுவர்களின் விசுவாசத்தை எந்த மரக்காலால் அளப்பார்கள்? அந்தத் தாய் யாரென்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லையே.

மூன்றாவது நிகழ்ச்சியில் மட்டுமே மன்றாட்டு வருகிறது. மக்காவுவிலிருந்து இலங்கை நோக்கி வந்த போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் ஒன்று வங்கக் கடலில் புயலில் அகப்பட்டு, உயிர் பிழைத்தால் கரை சேரும் இடத்தில் கோயில் கட்டுவோம் என்று மாலுமிகள் நேர்ந்துகொள்ள, செப்டம்பர் 8ஆம் நாள், தேவமாதா பிறந்த திருநாளன்று, அவர்கள் வேளாங்கண்ணிக் கரையில் ஒதுங்கினார்கள். அந்தச் சீமான் கட்டிய கூரைக் கோயில் இருந்த இடத்தில் கல் கோயில் எழும்பியது. பின்னர் வந்தபோது அவர்கள் கொண்டுவந்து பதித்த சீனப் பீங்கான் தட்டுகள், வேத நிகழ்ச்சிகள் தீட்டப்பட்டவை, இன்றும் பீடத்தில் இருக்கின்றன. ஆனால் அதே கடலில், அதே நூற்றாண்டில், அதே மாதாவைக் கூவி அழைத்தபடி மூழ்கிப்போன கப்பல்கள் எத்தனை என்பதைக் கடற்கரையில் வாழ்கின்ற எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். அன்று காலை வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் யாத்திரிகர்கள். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்து, பூசை கண்டு, பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, அலையில் கால் நனைக்கப் போனவர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் அன்று இறந்தார்கள். வேளாங்கண்ணியில் இறந்தவர்களை வரிசை வரிசையாகக் கூட்டாக அடக்கம் செய்தார்கள். எங்கள் பகுதியிலும் குப்பங்களுக்குள் கடல் புகுந்தது. நேர்ச்சை செலுத்தி முடித்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்த ஒரு தாயும் பிள்ளையும் அந்த அலையில் போனார்களே, அவர்களுடைய விசுவாசத்தில் குறை கண்டோம் என்று நம்மில் எவர் சொல்லத் துணிவார்? பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லையென்று சொன்னவர் நம் ஆண்டவர். யோபுவின் புண்களுக்கு முன்னால் உட்கார்ந்து, ஏழு நாள் மௌனமாய் இருந்தவரையில் அவனுடைய நண்பர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் சர்வேசுரனின் கோபத்துக்கு ஆளானார்கள். தன் சரீரத்தில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடிய புனித சின்னப்பருக்கு அது எடுக்கப்படவேயில்லை. அவரைவிட விசுவாசம் மிகுந்தவர்களா நாம்?

அற்புதமே நிகழ்வதில்லை என்று நான் வாதிக்கவில்லை. வேளாங்கண்ணிக் காணிக்கை அருங்காட்சியகத்தில், வெள்ளியிலும் பொன்னிலும் செய்த கண்ணும் காலும் இதயமும், தொட்டிலும் வீடும் படகும் கண்ணாடிப் பேழைகளுக்குள் அடுக்கியிருப்பதைக் கண்டவர்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் கண்ணீர் துடைக்கப்பட்டிருப்பதை உணராமல் இருக்க முடியாது. ஆனால் நம் திருச்சபை இவ்விஷயத்தில் எவ்வளவு நிதானமானது என்பதையும் அறிந்துகொள்வது நலம். பிரான்ஸ் தேசத்து லூர்து நகரில், 1858ஆம் ஆண்டில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மாதா காட்சி தந்த நாள் தொட்டு, குணமானதாகத் தெரிவிக்கப்பட்டவை ஏழாயிரத்துக்கு மேல். அவற்றை ஆராய்வதற்கென்றே அங்கே 1883 முதல் மருத்துவர்களின் அலுவலகம் ஒன்று இருந்து வருகிறது. அத்தனையிலும் அற்புதம் என்று திருச்சபை முத்திரையிட்டவை எழுபதைச் சுற்றித்தான். ஆண்டுதோறும் அங்கே போகின்ற ஆயிரக்கணக்கான நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் நோயோடு போய் நோயோடு திரும்புகிறவர்கள். அவர்களுக்குப் பேழையில் வைக்க வெள்ளிக் கால் இல்லை. ஆயினும் மறு ஆண்டும் போகிறார்கள்.

நான் மூன்றாம் ஆண்டில் மறுபடியும் நடந்தேன். ஏன் என்று கேட்டால் இன்றும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு விடியற்காலையில் உங்கள் கூட்டம் ஒன்று வாசலைக் கடந்தபோது, செருப்பில்லாமல், பணம்கூட எடுத்துக்கொள்ளாமல், அதன் பின்னாலேயே போய்விட்டேன். இந்த முறை கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. மாமல்லபுரம் வரையில் செபமாலையைக்கூட எடுக்கவில்லை. அதற்கப்பால், கூட நடந்த ஒரு பெயிண்டரின் மகனுக்காக ஒரு பத்து மணி சொன்னேன். மரக்காணத்துக்குள் வருவதற்குள், யார் யாருக்கு என்ன வியாதி, எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவரவர் மன்றாட்டை அவரவர் சுமந்துகொண்டு புறப்பட்டவர்கள், நாலைந்து நாளில் ஒருவர் மன்றாட்டை மற்றொருவர் வாங்கிச் சுமக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாதயாத்திரையில் நடக்கின்ற பெரிய காரியம் இதுதான் என்று நான் கருதுகிறேன். பேருந்தில் ஏழெட்டு மணி நேரத்தில் போய்ச் சேருகிறவனுக்கு அது கிட்டுவது அரிது.

அந்த ஆண்டுதான், பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணற்பாதையில் ஒரு காட்சியைக் கண்டேன். எழுபது வயதுக்குக் குறையாத ஒரு மூதாட்டி, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு, முழந்தாளிட்டு ஊர்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டடி முன்னால், பத்து வயதுப் பேத்தி குந்தியபடியே நகர்ந்து, பாட்டியின் முழங்கால் படப்போகும் மணலிலிருந்து சிப்பித் துண்டையும் கல்லையும் முள்ளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் பாவாடை மடியில் போட்டுக்கொண்டு போனாள். பாட்டியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் பேத்தியைப் பார்க்கவில்லை. பேத்தி ஜெபிக்கவில்லை, மணலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பாட்டி என்ன கேட்டாளோ, அது கிடைத்ததோ, எனக்குத் தெரியாது. குளத்தண்டை போய்ச் சேர்ந்ததும், அந்தப் பெண் மடியிலிருந்த சிப்பியையும் கல்லையும் பாதை ஓரத்தில் கொட்டிவிட்டு, பாட்டியின் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். சீசாவை என் கையிலிருந்து வாங்கிய என் மனைவியின் கை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கடலூர் மைல்கல்லின் மீது உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்தின் பாரம் அன்றுதான் என்னைவிட்டு இறங்கியது. இதையும் சௌக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த மருத்துவர் அலுவலகத்திலும் இது பதிவாகாது.

வேளாங்கண்ணி வியாதியஸ்தர்களின் தலம் என்பதை நம் காலத்திலேயே திருச்சபை பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறது. 1962ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அந்தக் கோயிலைப் பேராலயமாக உயர்த்தினார். 2002ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், உலக நோயாளர் தினத்தை உலகத் திருச்சபை முழுவதற்குமாக அங்கே கொண்டாடினார்கள். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாளிட்டு, உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, பாப்பரசர் பிரான்சிஸின் ஒப்புதலோடு, தஞ்சாவூர் ஆயருக்கு ஒரு கடிதம் எழுதியது. கிறிஸ்தவரல்லாதார் பெருந்திரளாக அங்கே வந்து ஆறுதல் பெறுவதை மதக் கலப்பு என்று கருதலாகாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்ததைப் படித்தபோது, எங்கள் சாலையோரத்தில் ஆண்டுதோறும் நடப்பதை யாரோ அங்கே போய்ச் சொல்லிவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றிற்று.

ஏனென்றால், உங்களுக்கு நெம்மேலியில் தண்ணீர் கொடுக்கிறவர்களில் கத்தோலிக்கர் மிகச் சிலரே. எங்களுக்குப் பூசைக்குப் போக வேண்டுமென்றால் கோவளம் கார்மேல் மாதா கோயிலுக்குத்தான் போக வேண்டும். சருவத்தில் தண்ணீரும் நீர்மோரும் கொண்டுவந்து வைப்பவர்கள் குப்பத்து மீனவப் பெண்கள். நெற்றியில் குங்குமத்தோடு, இடுப்பில் பிள்ளையோடு வந்து, வண்டியிலிருக்கும் மாதாவின் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பிள்ளையின் கண்ணில் ஒற்றிவிட்டு, அதன் பிறகே உங்களுக்கு மோர் ஊற்றுகிறார்கள். எங்களுக்கு வடக்கே திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாளுக்கு மாலை வாங்கிச் சாத்தி, அந்த மாலையைக் கழுத்தில் அணிந்து பிராகாரம் சுற்றிவிட்டு, கல்யாணம் நடக்க வேண்டுமென்று அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் இளம்பெண்களின் தாய்மார்கள் அவர்கள். நேர்ந்துகொண்டு நடக்கிறவனின் நெஞ்சு எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாகூர் வழியாகப் போகும்போதும் இதையே காண்பீர்கள். அங்கே தர்கா வாசலைக் கடக்கும் உங்களுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் தருகிற இஸ்லாமியப் பெரியவர்களைக் கண்டால், நெம்மேலியிலிருந்து ஒருவன் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். மோர்க்காரச் சிறுவனின் சந்ததி இன்னும் அற்றுப்போகவில்லை.

இனி, வயதின் உரிமையில் சில லௌகிகக் காரியங்கள். யாத்திரை முடியும் வரையில் மாத்திரை தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் சிலரை ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவனை மதிக்க வேண்டும் என்றும், மண்ணிலிருந்து மருந்தை உண்டாக்கியவர் ஆண்டவரே என்றும் சொல்லும் சீராக் ஆகமம் நம்முடைய வேதாகமத்தில்தான் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கவே கூடாது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் இருக்கிறார்; சென்ற ஆண்டு ஒருவருடைய காலில் கண்ணாடிச் சில்லு ஏறி, அதை அறியாமலே அவர் ஒரு நாள் முழுதும் நடந்து வந்திருந்ததைக் கண்டு, உணர்ச்சியற்றுப்போன காலை மாதாவின் பெயரால் புண்ணாக்காதீர்கள் என்று அவர் கண் கலங்கியே சொன்னார். செருப்பணிந்து நடப்பதால் நேர்ச்சை குறைந்துபோவதில்லை.

இருட்டில் நடக்கும்போது வண்டிகள் எதிரே வருவது தெரியும்படி வலப்புறமாக நடங்கள். முதுகில் மின்னும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளை ஓரத்தில் விட்டுப் பெரியவர்கள் சாலைப் பக்கம் வாருங்கள். எங்கள் ஊர்ச் சாலையில் வண்டிகள் போகும் வேகம் உங்களுக்குத் தெரியாது. குடித்துவிட்டுப் போடும் பிளாஸ்டிக் குவளைகளை நீங்கள் போன பிறகு நாங்கள் பொறுக்கிவிடுவோம். ஆனால் எங்களுக்கு எட்டாதபடி காற்று சிலவற்றைக் கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்ந்த மகிழ்ச்சியில் கடலில் ஆழத்துக்கு இறங்காதீர்கள்.

உங்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். இரவில் தங்கும் இடங்களில் சாட்சியம் சொல்ல அழைக்கிறீர்கள், குணம் பெற்றவர்கள் எழுந்து பேசுகிறார்கள், கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். நல்லதுதான். ஓர் இரவையாவது, குணம் பெறாதவர்களுக்கென்று ஒதுக்குங்கள். கேட்டும் கிடைக்காமல், ஆயினும் மறுபடியும் நடக்கிற ஒருவரை எழுப்பிப் பேசச் சொல்லுங்கள். அவருக்கு நீளமாகப் பேச வராது. கைதட்ட வேண்டியதும் இல்லை. அவர் பேசி உட்கார்ந்த பிறகு எவரும் விளக்கம் சொல்லாமல், அவர் குறிப்பிட்ட பெயருக்காக ஒரு பத்து மணி சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். நோயாளிக் குழந்தையைத் தோளில் போட்டு நடந்து வருகிற இளந்தகப்பன்மார் சிலர் எப்போதும் இருப்பார்கள். அந்த இரவில் அவர்கள் விழித்திருந்து கேட்கட்டும். திரும்பிப் போகையில் அந்தக் குழந்தை எப்படி இருக்குமோ நமக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் அந்தத் தகப்பன் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்க, அந்த ஓர் இரவு உதவக்கூடும். எனக்கு அப்படி ஓர் இரவு கிடைத்திருந்தால், இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மாமல்லபுரம் வரையில் நடப்பதே அரிதாகிவிட்டது. ஆகவே வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆலையைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும், இடப்பக்கத்தில் சவுக்கு மரங்களுக்கு எதிரே, நீலச் சுண்ணாம்பு அடித்த திண்ணை வீடு; திண்ணைத் தூணில் ஓர் அரிக்கேன் விளக்கு மாட்டியிருப்பேன். மோர்ப்பானை இரவிலும் மூடி வைக்கப்பட்டிருக்கும். கலக்கிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கறிவேப்பிலையும் உப்பும் அடியில் தங்கிவிடும். கழுவுவதற்கு வெந்நீரும் துடைப்பதற்குத் துணியும் இருக்கின்றன. கொப்புளம் உடைந்திருந்தால் நர்ஸ் அம்மாவைக் கூப்பிட்டுக் கட்டுப் போடச் சொல்வேன். உடையாத காலுக்கு நானே எண்ணெய் தடவிவிடுவேன். வெட்கப்படாமல் காலை நீட்டுங்கள்.

பேராலயத்திலிருந்து திரும்புகிறவர்களில் யாராவது இந்த வழியாகப் பேருந்தில் வந்தால், நெம்மேலியில் ஒரு நிமிஷம் இறங்கி, ஒரு சீசா எண்ணெய் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு வந்தது அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு கூட்டத்துக்குத்தான் வரும்.

சேசு மரி சூசை துணையாக,
உங்களுக்காக மன்றாடும்,
நெம்மேலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன்.